கட்டைவிரல் பிரேக்

மணி பதினொன்று இருபது, அம்மாவும் அப்பாவும் ஆஸ்பத்திரியிலிருந்து வர பன்னிரண்டே முக்கால் ஆகும், அதுவரைக்கும் இந்த வலதுகைக் கட்டைவிரலை நான் எடுக்கக்கூடாது. விஷயம் இவ்வளவுதான். மூக்கு அரிக்கிறது. அரிக்கட்டும். இடதுகை பித்தளைத் தட்டை மேசையோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருக்கிறது, வலதுகைக் கட்டைவிரல் பல்சக்கரத்தின் ஓரத்தில் குத்திக்கொண்டு நிற்கிறது, இரண்டில் எது நகர்ந்தாலும் போச்சு. ஒருமுறை தட்டோடு தூக்கிப் பார்த்தேன், எழுந்து போய்க் கட்டிலுக்கடியில் விழுந்ததை எடுத்துவிடலாம் என்று. ஒரு பல் நழுவியது. டிங். மறுபடி தூக்கவில்லை. கட்டிலுக்கடியில் விழுந்தது விசிறி. விசிறி என்றால் தலைக்கு மேலே சுற்றுகிறதே அது இல்லை, கொசுவின் இறக்கை மாதிரி இரண்டு தகடு, அதைத் தாங்கிக்கொண்டு ஒரு சின்னத் திருகு, அதோடு ஒரு குட்டிச் சக்கரம், எல்லாம் சேர்ந்து ஒரு கட்டை, சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. அதுதான் இந்தப் பாட்டுப் பெட்டிக்குப் பிரேக். எனக்கு அது தெரியாது. இல்லை, தெரியும். தெரியுமா? காலையில் பார்த்த ரிப்பேர் வீடியோவில் அந்த ஆள் சொன்னானோ என்னவோ, நான் தட்டித் தட்டிப் பத்து பத்து நொடியாகத் தள்ளிவிட்டேன், யார் உட்கார்ந்து இருபது நிமிடம் பார்ப்பது. ஆனால் தள்ளும்போது அவன் விரலை ஆட்டியது கண்ணில் பட்டது, சிவப்பு எழுத்தில் ஏதோ வந்தது. படித்துவிட்டுத் தள்ளினேனா, தள்ளியதால் படிக்கவில்லையா, இதைத்தான் பத்து நிமிடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், விரல் வலியைவிட இது வலிக்கிறது.

பெட்டி மூன்று நாளாகப் பாடவில்லை. அப்பா சாவியை முறுக்கிக்கொண்டே இருந்தார். வலதுகை வராது, அதனால் பெட்டியைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு இடதுகையால் முறுக்குவார், இனி முறுக்கவே முடியாது என்னும் வரை முறுக்குவார், அப்புறம் காதுப்பக்கம் தூக்கிப்போய்க் குலுக்குவார், அப்புறம் என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்காகத்தான் இன்றைக்குத் திறந்தேன். அம்மா அவரை ஆட்டோவில் ஏற்றி உடற்பயிற்சிக்குக் கூட்டிப்போனதும் ஸ்குரூ டிரைவரை எடுத்தேன். சாவியைக் கழற்றி, மரப்பெட்டியிலிருந்து வெளியே எடுத்தால், உள்ளே இவ்வளவுதானா என்று இருந்தது. ஒரு உருண்டை டப்பா, அதற்குள் சுருள்வில். டப்பா சுற்றினால் பக்கத்தில் ஒரு உருளை சுற்றும். உருளை முழுக்கப் பொடிப்பொடி முள், பலாக்காய் மாதிரி. எதிரில் இரும்புச் சீப்பு, பதினெட்டுப் பல், ஒரு பக்கம் தடிப்பாக ஆரம்பித்து மறுபக்கம் மெலிந்துகொண்டே போகும். முள் வந்து பல்லை நிமிர்த்திவிட்டு நழுவும், பல் அதிரும், அதுதான் பாட்டு. தடித்த பல் தடித்த குரல், மெலிந்த பல் கீச்சுக் குரல். இவ்வளவு எளிதான ஒன்றை இயற்பியல் வாத்தியார் இரண்டு வாரம் போர்டில் எழுதி எங்களைத் தூங்கவைத்தார். இதில் மிச்சம் ஒரே கேள்விதான், வில் ஏன் ஒரேயடியாக விரிந்துவிடாமல் நிதானமாக விரிகிறது? அதற்குத்தான் அந்த விசிறி. உருளை ஒரு சுற்று சுற்றுவதற்குள் அது நூற்றுக்கணக்கான சுற்று சுற்றிக் காற்றை அடிக்கும், காற்று அதைத் தள்ளும். காற்றுதான் பிரேக். அதன் திருகில் அப்பாவின் முடியோ போர்வைப் பஞ்சோ சுற்றிக்கொண்டிருந்தது, பார்த்ததுமே தெரிந்துவிட்டது, எனக்குத் தலைகால் புரியவில்லை சந்தோஷத்தில். இரண்டு ஸ்குரூ. கழற்றி, துடைத்து, மாட்டினால் ஐந்து நிமிட வேலை. இரண்டாவது ஸ்குரூ வெளியே வந்ததும் கட்டை துள்ளிக் கட்டிலுக்கடியில் போய்விட்டது, உருளை விர்ரென்று கிளம்பியது, எப்படிப் பிடித்தேன் என்று எனக்கே தெரியாது. நகத்துக்குப் பக்கத்தில் கிழிந்திருக்கிறது. முழுக்க முறுக்கிய வில். மூன்று நாள் அப்பா முறுக்கின முறுக்கு மொத்தமும் இந்த விரல்மேல் இருக்கிறது.

விட்டால் என்ன ஆகும் என்பது சக்கரத்தைப் பிடித்தபோதே புரிந்துவிட்டது. விர்ரென்று ஒரு சத்தம், இரண்டு நொடி, முழு முறுக்குக்கு உருளை சுற்றுகிற பன்னிரண்டு சுற்றும் ஒரேயடியாகப் போகும், போகிற போக்கில் முள்ளெல்லாம் சீப்பைப் பிய்த்துக்கொண்டு போகும், மெலிந்த பற்கள்தான் முதலில் உடையும், கீச்சுக்குரல்கள். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். இருபத்திரண்டு வருடம். சாப்பிடும்போது எப்போதும் ஒரு கதை. எவனோ ஒரு புது ஆள், கொக்கியில் மூட்டைக்கட்டு தொங்கிக்கொண்டிருக்க, பிரேக்கில் கோளாறு என்று அதைக் கழற்றப் போனானாம். "லோடு தொங்கையில பிரேக்குல கைய வைக்கிறவன் மனுசனாட்டி? அவன் கழுதைக்குப் பொறந்தவன். மொதல்ல லோட தரையில எறக்கு. பொறவு மத்ததப் பாரு." நூறு தடவை கேட்டிருப்பேன். மீன்முள்ளை எடுத்துக்கொண்டே கேட்டிருப்பேன். இன்றைக்கு ஸ்குரூ டிரைவரை எடுத்தபோது அது ஞாபகத்துக்கு வரவில்லை. அல்லது வந்தது. சிவப்பு எழுத்து மாதிரி வந்துவிட்டுப் போனது. ஏய் ஜெனோவா, வேணும்னே செய்தாயா நீ? இல்லை. இல்லைதானே?

ஜன்னலில் நிழல் விழுந்தது. மாடி வீட்டு ரெமிலா அக்கா. கம்பிக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு, "ஏளா ஜெனோ, ரெண்டு கொத்து கறிவேப்பிலை இருக்காட்டி?" என்றாள். இல்லை என்றேன். "என்ன பண்ணுத, மேசையில கவுந்து கெடக்க? படிக்கியா?" என்று சிரித்தாள். "பொட்டிய ரிப்பேர் பாக்கேன்." "ஒங்கப்பா பொட்டியா? அடி தங்கமே." அப்புறம் அந்த வசனம். நான் எதிர்பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். "ஒன்ன மாதிரி ஒரு பிள்ள எவளுக்குக் கெடைக்கும். அப்பனுக்காகப் படிப்ப விட்ட பிள்ள. எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கே, போனத் தவிர எதையாவது தூக்குதா? சரி, நான் வந்து பிடிக்கவா?" கதவு சும்மாதான் சாத்தியிருக்கிறது. வந்திருந்தால் கட்டிலுக்கடியிலிருந்து விசிறியை எடுத்துக் கொடுத்திருப்பாள், ஸ்குரூவைத் தேடியிருப்பாள், பிழைத்திருப்பேன். "ஒண்ணும் வேண்டாங்கா" என்றேன். போய்விட்டாள். ஏன் வேண்டாம் என்றேன்? தெருவெல்லாம் சொல்வாள் என்றா? சொன்னால் சொல்லட்டுமே, எனக்கென்ன. ஏன் வேண்டாம் என்றேன். முதலில் ஒன்று. அப்பனுக்காகப் படிப்பை விட்ட பிள்ளை இல்லை நான். பன்னிரண்டாம் வகுப்புப் பாதியில், அப்பா நல்லா நடமாடிக்கொண்டிருந்தபோதே விட்டேன். பிடிக்கவில்லை, விட்டேன். பையை அலமாரிக்கு மேலே எறிந்துவிட்டு இனிப் போகமாட்டேன் என்று சொன்னேன். அப்பா அடிக்கவில்லை. "ஒனக்கு எதுலயும் பொறுமை கெடையாது. ஒரு குக்கர் விசிலுக்குக் காத்திருக்க மாட்ட நீ" என்றார். நான், "நீங்க மட்டும் என்ன கிழிச்சீங்க, கம்பியப் பிடிச்சு ஆட்டுற வேலைதான" என்றேன். அவ்வளவுதான். மூன்று நாள் நான் அவரோடு பேசவில்லை. சோற்றுத்தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படியில் போய் உட்கார்ந்துகொள்வேன். அவர் வந்து நிலைப்படியில் நிற்பார், போய்விடுவார். நாலாம் நாள் அவருக்குப் பக்கவாதம் வந்ததும் தெருவே சேர்ந்து இரண்டையும் தைத்துவிட்டது, அப்பாவுக்காகப் படிப்பை விட்டாள் என்று. நானும் தையலைப் பிரிக்கவில்லை. சுகமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவா.

விரல் மரத்துக்கொண்டு வருகிறது. மரத்துப்போகக்கூடாது, மரத்துப்போனால் நழுவுவது தெரியாது. மரத்துப்போச்சு. இந்தச் சொல்லுக்குள் போகவே கூடாது என்று நினைத்தேன், போய்விட்டேன். "ஜெனோ. ஏட்டி ஜெனோ. நல்லாத்தான் எந்திச்சேன், இப்பக் கை ஒரு மாதிரி இருக்கு. மரத்துப்போச்சு. எந்திச்சு ஒரு டம்ளர் தண்ணி தா மக்கா." அந்த நாலாம் நாள் விடியலில் அப்பா நிலைப்படியில் நின்றார். அம்மா அதிகாலைப் பூசைக்குப் போயிருந்தாள். நான் போர்வைக்குள் போனைப் பார்த்துக்கொண்டு முழித்துக்கொண்டுதான் கிடந்தேன், அவர் குரல் கேட்டதும் வெளிச்சத்தை அணைத்தேன், அணைப்பதற்கு முன்னால் மணி தெரிந்தது. ஐந்து நாற்பது. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன், மூச்சைத் தூங்குகிறவள் மாதிரி இழுத்து இழுத்து விட்டேன். மக்கா என்று கூப்பிட்டது எனக்குப் பிடித்திருந்தது, அதுதான் கொடுமை, இன்னொரு தடவை கூப்பிடட்டும், அப்புறம் எழுந்திருக்கிறேன் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை. ஒரு செருப்பு தேய்கிற சத்தம். நாற்காலி கிரீச்சிட்டது. அப்புறம் நான் நிஜமாகவே தூங்கிவிட்டேன். நன்றாகத் தூங்கினேன். ஏழரைக்கு அம்மா மீன்பையோடு வந்து அலறியபோதுதான் எழுந்தேன். அப்பாவின் வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. எட்டரைக்கு ஆஸ்பத்திரி. டாக்டர் இளவயசு, கண்ணாடி, அவசரம். "கடைசியா எத்தனை மணிக்கு இவர் நல்லா இருந்ததப் பாத்தீங்க?" அம்மா சொன்னாள், "ராத்திரி பத்து மணிக்குப் படுத்தாவ சார். நான் பூசைக்குப் போகையில தூங்கிட்டிருந்தாவ." டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீ பாத்தியாம்மா? காலையில ஏதாவது பேசினாரா?" அம்மாவும் திரும்பினாள். ஸ்ட்ரெச்சரில் அப்பாவும் கண்ணைத் திருப்பினார். "இல்ல சார். தூங்கிட்டேன்." டாக்டர் தாளில் பத்து என்று எழுதினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். மறுநாள்தான் அம்மாவிடம் அவர் விளக்கினார், அடைப்பைக் கரைக்க ஒரு ஊசி உண்டு, ஆரம்பித்து நாலரை மணி நேரத்துக்குள் போடணும், நேரம் தெரியாமல் போட்டால் தலைக்குள் ரத்தம் கசிந்து ஆளே போய்விடலாம், நேரம் தெரியாததால் போடவில்லை, தெரிந்திருந்தால் ஒருவேளை, என்று. ஒருவேளை. ஐந்து நாற்பதோடு நாலரையைக் கூட்டு. பத்துப் பத்து. இயற்பியலில் பெயிலான எனக்கு இந்தக் கணக்கு மட்டும் தப்பவே இல்லை, பல் தேய்க்கும்போது போடுகிறேன், துணி காயப்போடும்போது போடுகிறேன், எப்படிப் போட்டாலும் பத்துப் பத்துதான். எட்டரைக்கு நாங்கள் அங்கே நின்றோம்.

நாலு மாதம். இதை அறிந்தவர்கள் இரண்டு பேர், அதில் ஒருவருக்குப் பேச்சு வராது. தண்ணீர் என்பதற்கு ஆ. போதும் என்பதற்கு ஆ. பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற அக்காதான் சொன்னாள், பேச்சு போனாலும் சிலருக்குப் பாட்டு மிஞ்சியிருக்கும், அது தலைக்குள் வேறு இடத்தில் இருக்கிறது, வீட்டில் அவருக்குப் பழகின பாட்டு ஏதாவது உண்டா என்று. அம்மா பெட்டியை எடுத்துவந்தாள். நான் பிறந்த வருடம் ஏதோ ஒரு கப்பல்காரன் அப்பாவுக்குக் கொடுத்தது. என்ன பாட்டு என்று ஒருவருக்கும் தெரியாது, அம்மா ஏதோ நாட்டு மாதா பாட்டு என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தாள். அப்பா அதற்குத் தானே சொல் போட்டு எனக்குச் சோறு ஊட்டினாராம். ஜெனோக்கு ஒரு வாய், காக்காக்கு ஒரு வாய், கப்பலுக்கு ஒரு வாய், கப்பல் போச்சு. மட்டமான பாட்டு. ஆனால் பெட்டி பாடினபோது அப்பா முனகினார். இரண்டாவது வாரம் "ஜெனோ" என்றார், அம்மா ஓவென்று அழுதாள், மாடிவீடு கீழே இறங்கிவந்தது. போன வாரம் "ஜெனோக்கு ஒரு வா" வரைக்கும் வந்துவிட்டார். போனில் பிடித்து வைத்ததைப் போட்டால் வராது, பெட்டிதான் வேண்டும், அதைத் தாடையில் வைத்து அழுத்திக்கொள்வார், சீப்பு அதிர்வது எலும்புக்குள் போகணும் போல. அம்மா சந்தோஷத்தில் மெழுகுதிரி நேர்ந்துகொண்டாள். நானும் சிரித்தேன். ராத்திரி படுத்தால், ஒரு வாய்க்கு அப்புறம் காக்கா வரும், காக்காவுக்கு அப்புறம் கப்பல் வரும், கப்பல் போனபிறகு என்ன வரும்? ஒருநாள் ஐந்து நாற்பது வரும். அதனால்தான். அடப் பாவி. அதனால்தான் ரெமிலா அக்காவை வேண்டாம் என்றேனா? வீடியோவை அதனால்தான் தள்ளினேனா? இப்போது இந்த விரலை எடுப்பது ரொம்பச் சுலபம். இரண்டு நொடி. யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், பிள்ளை நல்லது செய்யப்போய் உடைந்துவிட்டது, விடு, என்பார்கள். அப்பா "வா"விலேயே நின்றுவிடுவார். நான் தப்பிவிடுவேன். இந்த நினைப்பு இப்போது வந்ததில்லை, ரொம்ப நாளாகவே மண்டைக்குள் ஒரு மூலையில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, இன்றைக்குத்தான் மூஞ்சியைக் காட்டுகிறது. சின்னப் பிள்ளையாக இருந்தபோது வாந்தி வந்தால் அப்பா உள்ளங்கையை நீட்டிக்கொண்டு வருவார், தரையில் விழாமல். அதுவும் இப்போது எதற்கு ஞாபகம் வரணும்.

பன்னிரண்டு ஐந்து. லோடைத் தரையில் இறக்கு. பிரேக் போய்விட்டால் யாராவது பிரேக் ஆகணும், அவ்வளவுதானே? விரலைக் கொஞ்சம் சாய்த்தேன். ஒரு பல் போனது. டிங். அழுத்தினேன், நின்றது. நின்றதா? நின்றது. மறுபடி சாய்த்தேன். பல் போனது, சத்தம் இல்லை, அந்த இடத்தில் முள் இல்லை. அடுத்தது டிங், டொங், இரண்டு சேர்ந்து. ஒரு சுற்று முடியச் சக்கரத்தில் எத்தனை பல் என்று எண்ணினேன், முப்பத்தெட்டு. பன்னிரண்டு சுற்றுக்கு நானூற்று ஐம்பத்தாறு. ஒரு குக்கர் விசிலுக்குக் காத்திருக்காதவள் நானூற்று ஐம்பத்தாறு பல்லை ஒவ்வொன்றாக விடணும். விட்டேன். மூக்கு அரித்தது, விட்டேன். முதுகில் வியர்வை புழு மாதிரி இறங்கியது, விட்டேன். ரத்தம் பல்லுக்குள் போய் வழுக்க ஆரம்பித்தது, பயந்து நிறுத்தினேன், அப்புறம் விட்டேன். பாட்டு பாட்டாகவே இல்லை, திக்கித் திக்கி, ஒரு ஒலிக்கும் அடுத்த ஒலிக்கும் நடுவில் ஒரு யுகம், அப்பா பேச முயற்சி பண்ணும்போது அவர் வாயைப் பார்த்துக்கொண்டு காத்திருப்போமே அந்த மாதிரி. இரண்டாவது சுற்று. மூன்று. நாலாவது சுற்றில் விரல் என்னுடையதாகவே இல்லை.

ஆட்டோ சத்தம். ஐந்தாவது சுற்று. அம்மா குரல், "மெதுவா, மெதுவா, காலப் பாத்து." கதவு திறந்தது. "என்னட்டி பண்ணி வச்சிருக்க? ஐயோ, ஒடச்சிட்டியா? மூதி, ஒன்ட்ட யாரு தொறக்கச் சொன்னா? ரத்தம் வேற!" "ஒடையலம்மா. கத்தாத. கை எடுக்க முடியாது." திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு செருப்பு தேய்கிற சத்தம், எனக்குப் பின்னால், நிலைப்படியிலிருந்து. நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரித் தைல வாசனை. குனிந்து பார்த்தார். டப்பா, உருளை, விசிறி இருந்த இடத்தில் இரண்டு காலி ஓட்டை. இருபத்திரண்டு வருடம் கிரேன் ஓட்டினவருக்கு நான் எதைச் சொல்வது. மூக்கால் ஒரு சத்தம் விட்டார். சிரிப்பு. கழுதைக்குப் பிறந்தவள் என்று அதற்கு அர்த்தம், எனக்குத் தெரியும். அப்புறம் இடதுகையை நீட்டி, கட்டைவிரலை என் விரலுக்குப் பக்கத்தில் நுழைத்துப் பல்சக்கரத்தில் வைத்தார். லீவர் பிடித்துக் காய்ப்புக் காய்த்த விரல், நாலு மாதமாகியும் காய்ப்பு போகவில்லை. பாரம் என்னைவிட்டுப் போனது. அவர் விட்டார், ஒரு பல், ஒரு பல், ஒரு பல், ஒரே சீராக, எனக்கு வராத சீராக, பாட்டு மெதுவாகப் பாட்டு ஆனது. அம்மா மருந்துப்பையோடு அப்படியே நின்றாள். அப்பா முனகத் தொடங்கினார். "ஜெனோக்கு ஒரு," என்றார், பல் போனது, "வா," பல் போனது, உதடு கூடிக்கொண்டு வந்தது, "வாய்." முழுசாக. அம்மா மூச்சை இழுத்தாள். அவள் அழ ஆரம்பித்துவிட்டால் அப்புறம் என்னால் சொல்லவே முடியாது.

"அஞ்சு நாப்பது" என்றேன்.

"என்னட்டி அஞ்சு நாப்பது? மணி ஒண்ணாகப் போவுது."

"இன்னைக்கு இல்லம்மா. அன்னைக்கு. அப்பா வந்து கூப்ட்டாவ. கை மரத்துப்போச்சுன்னு சொன்னாவ, தண்ணி கேட்டாவ. நான் முழிச்சுத்தான் கெடந்தேன். மணியப் பாத்தேன். டாக்டர் கேக்கும்போது எனக்குத் தெரியும்."

அப்பாவின் விரல் நின்றது. நிமிர்ந்து பார்க்கப் பயம், நான் பல்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு சுற்று அதற்குள் இன்னும் பாக்கி இருந்தது. அம்மா பையைக் கீழே வைக்கவில்லை, உள்ளே மாத்திரை அட்டை கரகரவென்று உரசிக்கொண்டிருந்தது. அப்பாவின் விரல் நகம் வெளுத்துப்போகிற அளவுக்கு அழுத்திப் பிடித்திருந்தது. எடுத்தால் இரண்டு நொடி. எடுக்கட்டும், அவர் எடுத்தால் நியாயம்தான் என்று நினைத்தேன், சத்தியமாக நினைத்தேன். ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டே இருந்தார். அப்புறம் ஒரு பல்லை விட்டார்.